அசையாமல் தின்னும் அடுப்பு

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது பழமொழி. கரும்பு விவசாயியைப் பொறுத்தமட்டில் இந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம். அதுதான் வெல்லம் காய்ச்சும் அடுப்பு. உரத்துக்கு எவ்வளவு ஆயிற்று, வெட்டுக்கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று விரல்விட்டுச் சொல்லும் விவசாயியிடம், ஒரு கொப்பரை வெல்லத்துக்கு எத்தனை கிலோ சக்கை எரிந்தது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. சக்கை சொந்தக் கரும்பிலிருந்து வருவது. காசு கொடுத்து வாங்காத பொருளுக்குக் கணக்கு எதற்கு என்ற எண்ணமே காரணம். அந்த எண்ணம் தவறானது. அடுப்பு தின்னும் கணக்கைப் பார்க்காமல் வெல்லத்தில் ஆதாயம் பார்ப்பது கடினம்.

கடலூர் மாவட்டத்துக்குக் கரும்பு புதிதல்ல. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது 1840-களில். கடலூரில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கோ.சி. 671 என்ற ரகம் தமிழ்நாட்டைத் தாண்டி குஜராத், மகாராஷ்டிரம் வரையில் பரவியது. அந்தப் பெயரில் உள்ள 'சி' என்ற எழுத்து கடலூரையே குறிக்கும். சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. இவ்வளவு ஆலைகள் இருந்தும், சிறு விவசாயிக்கு வெல்லக் கொட்டகை இன்றும் தேவைப்படுகிறது. வெட்டு உத்தரவு தாமதமாகும்போது வயலில் நிற்கும் கரும்பு எடை குறைகிறது. ஆலையிலிருந்து பணம் வரத் தாமதமாகும்போது வட்டி ஏறுகிறது. ஆலைக்கு ஒப்பந்தம் செய்யாத கரும்பு கையில் இருந்தால், அதை வெல்லமாக்கிச் சில நாட்களில் பணம் பார்க்க முடியும். இந்த மாற்று வழி உயிரோடு இருந்தால்தான் ஆலையிடம் பேசவும் விவசாயிக்குத் தெம்பு இருக்கும். அந்த வழி அடைபடாமல் இருக்க வேண்டுமானால், முதலில் திருந்த வேண்டியது அடுப்பு.

ஒரு டன் கரும்பின் கணக்கு

ஒரு டன் கரும்பை மூன்று உருளை விசை ஆலையில் நன்றாகப் பிழிந்தால் சுமார் 600 கிலோ சாறு கிடைக்கும். அதைக் காய்ச்சினால் ஏறத்தாழ 100 கிலோ வெல்லம். அப்படியானால் மீதி 500 கிலோவும் நீர். அந்த நீர் முழுவதையும் ஆவியாக்கி வெளியேற்றுவதுதான் அடுப்பின் வேலை. ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்த பிறகு, அதை ஆவியாக்குவதற்கு மட்டும் 540 கிலோ கலோரி வெப்பம் தேவை. சாற்றைச் சூடாக்கும் வெப்பத்தையும் கூட்டினால், ஒரு டன் கரும்பின் சாற்றை வெல்லமாக்கச் சுமார் 3 லட்சம் கிலோ கலோரி வேண்டும்.

இனி எரிபொருளைப் பார்க்கலாம். அந்த ஒரு டன் கரும்பில் சாறு போக 400 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். அதில் பாதிக்கு மேல் ஈரம். வெயிலில் நன்றாக உலர்த்தினால் சுமார் 200 கிலோ காய்ந்த சக்கை நிற்கும். ஒரு கிலோ காய்ந்த சக்கை எரிந்தால் ஏறத்தாழ 3,700 கிலோ கலோரி கிடைக்கும். ஆக, 200 கிலோவில் அடங்கியிருப்பது 7 லட்சத்துக்கும் மேல். தேவை 3 லட்சம். கையில் இருப்பது 7 லட்சம்.

கையில் இருப்பதில் பாதியைக்கூட அடுப்பு கொப்பரைக்குள் சேர்க்க வேண்டியதில்லை. நூற்றுக்கு 42 பங்கு சேர்த்தாலே சொந்தச் சக்கை போதும். அப்படியிருந்தும் பல கொட்டகைகளில் சக்கை பற்றாமல் விறகு வாங்குகிறார்கள். சவுக்குக் கட்டை, முந்திரிக் கட்டை என்று வண்டியில் வந்து இறங்குகிறது. சில இடங்களில் பழைய ரப்பர் டயரையும் போட்டு எரிக்கும் கொடுமை நடக்கிறது. மக்கள் சாப்பிடும் பண்டத்தை டயர்ப் புகையில் காய்ச்சுவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு கிலோ வெல்லத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் காய்ந்த சக்கை எரிந்தால் அந்த அடுப்பு கடன்கார அடுப்பு. இரண்டு கிலோவுக்குள் முடிந்தால் அது மிச்சம் பிடிக்கும் அடுப்பு.

2010-ல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டு ஆய்வாளர்கள் நான்கு கொப்பரை கொண்ட வெல்ல அடுப்பு ஒன்றை அளந்து பார்த்தனர். சக்கை எரிந்து கிடைத்த வெப்பத்தில் வெல்லம் காய்ச்ச உண்மையில் தேவைப்பட்டது நூற்றுக்கு 29 பங்குதான். மீதியில் பெரும்பகுதி புகையோடும் சுவர் வழியாகவும் போயிற்று. ஒரு கிலோ வெல்லத்துக்கு 2.39 கிலோ சக்கை எரிந்துகொண்டிருந்தது. புகையில் மிஞ்சும் பிராணவாயுவை அளந்து, அதற்கேற்பச் சக்கை போடும் முறையை ஒழுங்குபடுத்தியபோது அது 1.73 கிலோவாகக் குறைந்தது.

இதை ஒரு ஏக்கருக்குக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு 40 டன் கரும்பு என்று வைத்துக்கொண்டால் 4,000 கிலோ வெல்லம். கைவசம் 8,000 கிலோ காய்ந்த சக்கை. முதல் விகிதத்தில் எரித்தால் 9,560 கிலோ வேண்டும். 1,560 கிலோ பற்றாக்குறை. இரண்டாவது விகிதத்தில் 6,920 கிலோ போதும். 1,080 கிலோ மிச்சம். ஒரே கரும்பு, ஒரே கொப்பரை, ஒரே வெல்லம். ஒருவர் விறகுக் கடைக்குப் போகிறார். மற்றவர் சக்கையை அட்டி போட்டு வைக்கிறார்.

வெப்பம் போகும் வழிகள்

அடுப்பிலிருந்து வெப்பம் தப்பும் வழிகள் நான்கு.

முதலாவது, புகைபோக்கி. ஒரு கிலோ காய்ந்த சக்கை முழுவதும் எரிவதற்கு ஐந்து முதல் ஆறு கிலோ காற்று இருந்தால் போதும். எரிப்பதற்குச் சற்றே கூடுதலாக விடுவது நல்லது. ஆனால் அடுப்பு வாய் எப்போதும் திறந்தே கிடந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காற்று உள்ளே புகும். வேலையில்லாத அந்தக் காற்றும் அடுப்புக்குள் சூடேறி, அந்தச் சூட்டோடு புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. விவசாயி தன் சக்கையை எரித்து ஊர்க் காற்றைச் சூடாக்குகிறார் என்பதுதான் இதன் பொருள். காற்று குறைந்தாலும் நஷ்டமே. அப்போது கரும்புகை எழும். கரும்புகை என்பது எரியாமல் போகும் எரிபொருள்.

இரண்டாவது, சாம்பல் குழி. அடியில் காற்றுவழி இல்லாத தரை அடுப்பில் சக்கை சாம்பலுக்குள் புதைந்து பாதி கரியாகவே நின்றுவிடும். அள்ளும் சாம்பல் கறுப்பாக இருந்தால் பணம் சாம்பலோடு போகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, சுவர். ஒற்றைச் செங்கல் சுவர் வைத்த அடுப்பின் பக்கத்தில் நின்றாலே உடல் காயும். அங்கே நிற்பவர் உணரும் அந்தச் சூடு கொப்பரைக்குப் போயிருக்க வேண்டிய சூடு.

நான்காவது, ஈரம். நான்கில் பெரிய திருடன் இதுதான். பாதிக்குப் பாதி ஈரமுள்ள சக்கை தரும் பயனுள்ள வெப்பம், காய்ந்த சக்கை தருவதில் பாதிகூட இராது. ஈரச் சக்கையைப் போட்டால் அடுப்பு முதலில் சக்கையில் உள்ள நீரை ஆவியாக்குகிறது. பிறகுதான் சாற்றில் உள்ள நீருக்கு வருகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் இதே குணம் உண்டு. அதிலும் ஏறத்தாழ பாதி ஈரம். அதனால்தான் கறுப்பு நிலக்கரியைவிட அதை அதிகமாக எரிக்க வேண்டியிருக்கிறது.

அடுப்பின் குறை எரிபொருளோடு நிற்பதில்லை. வெல்லத்தின் நிறத்தையும் விலையையும் கெடுக்கிறது. தீ மந்தமாக இருந்தால் சாறு நெடுநேரம் கொதிக்கும். நெடுநேரம் கொதிக்கும் சாற்றில் சர்க்கரைச் சத்து சிதைந்து, பாகு கறுத்து, வெல்லம் கட்டியாக நிற்காமல் கசியும். கறுத்த வெல்லத்துக்கு மண்டியில் விலை குறைவு என்பதால் 'ஹைட்ரோஸ்' என்னும் வெளுப்பு மருந்தை அள்ளிப் போடும் பழக்கம் வந்தது. வெண்டைச் செடியின் வழவழப்புச் சாற்றை விட்டு அழுக்கு எடுத்து, சீரான தீயில் விரைவாகக் காய்ச்சி, 118 டிகிரி சூட்டை ஒட்டிப் பதம் பார்த்து இறக்கினால், மருந்தை நாடும் அவசியம் பெரிதும் குறையும். வெல்லத்தின் தரம் கொப்பரையில் தெரிகிறது. அது தீர்மானமாவது அடுப்பில்.

நெல்லிக்குப்பம் கற்ற பாடம்

பெரிய ஆலைகளும் ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தவைதான். ஆலையில் 100 டன் கரும்பு ஆடினால் சுமார் 30 டன் சக்கை வரும். அந்தச் சக்கையை ஆலையைவிட்டு அகற்றுவதே அந்நாளில் தலைவலி. எனவே கொதிகலன்களைச் சிக்கனமாக அமைக்க யாரும் முனையவில்லை. வந்த சக்கை முழுவதும் எரிந்து தீர்ந்தால் போதும் என்றே குறைந்த அழுத்தக் கொதிகலன்களை வைத்து ஓட்டினார்கள்.

நிலைமை மாறியது சக்கைக்கு விலை வந்தபோது. 1979-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் அருகே புகளூரில் 1984-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. அதன் மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருளுக்கு வழி செய்து கொடுத்துச் சக்கையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பிறந்தது. பின்னர் சக்கையிலிருந்து மின்சாரம் எடுத்து மின்வாரியத்துக்கு விற்கவும் வழி பிறந்தது. உடனே ஆலைகள் விழித்துக்கொண்டன. உயர் அழுத்தக் கொதிகலன்கள் வந்தன. புகைபோக்கிக்குப் போகும் சூட்டை மறித்து, கொதிகலனுக்குப் போகும் நீரையும் காற்றையும் முன்கூட்டியே சூடாக்கும் சாதனங்கள் வந்தன. நெல்லிக்குப்பம் ஆலையிலும் சக்கையிலிருந்து மின்சாரம் தயாராகிறது.

ஆலைக்கு அனுப்பும் ஒவ்வொரு டன் கரும்பிலும் விவசாயி சர்க்கரையை மட்டும் அனுப்பவில்லை, வெப்பத்தையும் அனுப்புகிறார். ஆனால் கரும்பின் விலை சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2012-ல் ரங்கராஜன் குழு இந்தக் குறையைக் கண்டுகொண்டது. சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, ஆலைச் சேறு ஆகியவற்றின் வருவாயையும் சேர்த்து அதில் 70 சதவீதம் விவசாயிக்குச் சேர வேண்டும், அல்லது சர்க்கரை வருவாயில் மட்டும் 75 சதவீதம் சேர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சக்கைக்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆலைக்காரர் விற்றுப் பணமாக்கும் அதே வெப்பத்தைத்தான் வெல்லக் கொட்டகையில் விவசாயி புகையாக விடுகிறார். ஆலையிடம் சக்கைக்குப் பங்கு கேட்பது நியாயம். அதே விவசாயி தன் கொட்டகையில் சக்கையை மதிக்காமல் இருப்பது நியாயமாகாது.

அடுப்பில் செய்ய வேண்டியவை

லக்னோவில் 1952-ல் தோன்றிய இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையம், இரண்டு கொப்பரை, மூன்று கொப்பரை வைத்த திருந்திய அடுப்பு மாதிரிகளை உருவாக்கியிருக்கிறது. இவற்றின் அடிப்படை ஒன்றே: ஒரே தீ பல வேலை செய்ய வேண்டும். தீ நேரே முதல் கொப்பரையில் படும். அங்கே பாகு கொதிக்கும். அதைத் தாண்டும் சூடான புகை நேரே புகைபோக்கிக்குப் போகாமல், இரண்டாவது கொப்பரையின் அடியில் போய் அடுத்த சாற்றைச் சூடாக்கும். முதல் கொப்பரையை இறக்கியதும் இரண்டாவதில் உள்ள சாறு கொதிக்கத் தயாராக இருக்கும். எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம்.

புதிய அடுப்பு கட்ட இயலாதவர்கள் இருக்கும் அடுப்பிலேயே சில திருத்தங்கள் செய்யலாம்.

தரையில் எரிப்பதை விட்டு, அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து, அதன் கீழே சாம்பல் குழி விடவேண்டும். காற்று கீழிருந்து சக்கைக்குள் நுழைந்தால்தான் சக்கை முழுவதும் எரியும். சாம்பல் குழியை நாள்தோறும் அள்ளிக் காலி செய்யவேண்டும். குழி நிரம்பினால் அடுப்புக்கு மூச்சு அடைக்கும்.

சக்கை போடும் வாய்க்கு ஒரு தகட்டுக் கதவு வேண்டும். போடும்போது திறந்து, போட்டதும் மூடவேண்டும். ஒரே தடவையில் ஒரு கட்டுச் சக்கையைத் திணித்துவிட்டு உட்காருவது தவறு. சிறிது சிறிதாக, அடிக்கடி போடவேண்டும். ஒரேயடியாகப் போட்டால் முதலில் கரும்புகை வரும். பிறகு தீ அடங்கி வெறும் காற்று ஓடும். இரண்டுமே நஷ்டம்.

புகைபோக்கியில் காற்றோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளு தகடு அமைக்க வேண்டும். நன்றாகக் கொதிக்கும்போது ஓரளவு திறந்தும், பதம் நெருங்கும்போது மூடியும் வைக்கலாம். பதம் வரும் நேரத்தில் தீயை அடக்க முடியாமல் வெல்லத்தைத் தீய்த்துவிடும் கொட்டகைகளில் பெரும்பாலும் இந்தத் தகடு இருப்பதில்லை. புகைபோக்கியின் உச்சியில் தீநாக்கு தெரிந்தால், கொப்பரையில் படவேண்டிய தீ வானத்தைச் சுடுகிறது என்று பொருள்.

சுவரை இரட்டையாக எழுப்பி, நடுவே சாம்பலோ உமிச் சாம்பலோ நிரப்பினால் சூடு வெளியேறுவது குறையும். வெடிப்புகளைக் களிமண் கொண்டு பருவத்துக்கு ஒரு முறையாவது பூசவேண்டும். கொப்பரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்துகளை அடைப்பது மிக அவசியம். கொப்பரையின் அடியில் படியும் புகைக்கரியைச் சுரண்டி எடுக்கவேண்டும். அது போர்வை போல் நின்று சூட்டைத் தடுக்கும். கொப்பரையின் அடிப்புறத்தில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்துச் சூடு படும் பரப்பைக் கூட்டும் முறையும் சோதித்துப் பயன் கண்டதே.

கூரைக் கொட்டகையில் புகைபோக்கியைக் கூரைக்கு மேல் நன்கு உயர்த்தி, உச்சியில் தீப்பொறி தடுக்கும் கம்பிவலை போட வேண்டும். ஒரு பொறி போதும், ஒரு வருட உழைப்பு சாம்பலாக. கொப்பரையின் விளிம்பு நிற்பவரின் இடுப்பளவுக்காவது இருப்பது நல்லது. கொதிக்கும் பாகில் கால் இடறி விழுந்தவருக்கு எந்த மிச்சமும் ஈடாகாது.

மழையும் பொங்கல் வெல்லமும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி, மார்கழியிலும் எட்டிப் பார்க்கும். வெல்லத்துக்கு நல்ல கிராக்கி தைப் பொங்கலுக்கு முன்னால். ஆகவே, விலை கிடைக்கும் காலமும் சக்கை காயாத காலமும் ஒன்றாக வந்து சேருகின்றன. மார்கழிப் பனியில் காயாத சக்கையைப் போட்டு, அது எரியாமல் விறகை வாங்கி, அந்த விறகும் ஈரமாக இருக்க, பொங்கல் விலையின் ஆதாயம் புகையிலேயே கரைகிறது.

இதற்குப் பரிகாரம் கோடையிலேயே செய்யப்பட வேண்டும். முந்தைய பருவத்தில் மிச்சம் பிடித்த காய்ந்த சக்கையை மேடான இடத்தில், அடியில் கட்டை அடுக்கி, மேலே ஓலையோ தார்ப்பாயோ போட்டு அட்டி கட்டிவைத்தால், பொங்கல் வெல்லத்தின் முதல் சில நாட்களுக்கு அது உதவும். அந்த நாட்களில் வரும் ஈரச் சக்கையைப் பரப்பி உலர்த்த அவகாசமும் கிடைக்கும். புகைபோக்கியை ஒட்டிய சூடான இடத்தில் மறுநாள் சக்கையை, தீப்பிடிக்காத தூரத்தில், பரப்பி வைப்பதும் பயன்தரும். மிச்சம் பிடிக்காத அடுப்புக்காரருக்கு இந்த அட்டி கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். கோடையில் வீணாக்கியதன் தண்டனை மார்கழியில் வருகிறது.

2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக நட்ட மரங்களை அடுப்புக்குக் கேட்பது சரியல்ல. சவுக்கோ இன்று காகித ஆலைக்கும் கட்டுமான வேலைக்கும் போகிறது. விறகு எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அடுப்பு கட்டுவது மணலில் வீடு கட்டுவதற்குச் சமம்.

உமி அடுப்புக்கும் இதே கதை

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல் விவசாயிகளுக்கு அடுப்பு என்றால் நெல் அவிக்கும் உலை. அங்கே எரிவது உமி. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். இவ்வளவு சாம்பல் தரும் எரிபொருள் வேறு அதிகமில்லை. எனவே, சரிவான படிக்கம்பித் தட்டில் உமி மெல்ல இறங்கி எரியும் அமைப்பும், சாம்பலை அடிக்கடி வெளியேற்றும் வழியும் இல்லாத உலை விரைவில் அடைத்துக்கொள்ளும். இங்கும் சாம்பலின் நிறமே சாட்சி. வெளுத்த சாம்பல் நல்ல உலைக்கு அடையாளம்; கறுத்த சாம்பல் பாதி உமியைத் திருப்பித் தருகிறது. கறுத்த உமிச் சாம்பலை நாற்றங்காலுக்குப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் நாற்றங்காலுக்காக உலையைக் கெடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீராவிக் குழாய்களுக்குச் சாக்கும் சாம்பலும் கொண்டு காப்பு கட்டுவது, ஊறவைத்த நெல்லின் தண்ணீரை நன்றாக வடித்த பிறகே அவிப்பது ஆகிய இரண்டும் செலவில்லாத மிச்சங்கள்.

சொல்லப்படும் மறுப்புகள்

திருந்திய அடுப்புக்கு எதிராகக் கொட்டகைகளில் சில வாதங்கள் எழுகின்றன. அவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. அவற்றில் அனுபவமும் இருக்கிறது.

பல கொப்பரை அடுப்பில் பதம் தப்பிவிடும் என்பது ஒன்று. ஒற்றைக் கொப்பரையில் பழகியவருக்கு அது முதல் சில நாட்களுக்கு உண்மை. ஒரு கொப்பரையில் பதம் வரும்போது மற்றதில் சாறு இல்லாவிட்டால் கொப்பரை கருகும். ஆகவே, ஆலை ஆடுபவரும் அடுப்பு எரிப்பவரும் நேரம் ஒத்து வேலை செய்யவேண்டும். இது பழக்கத்தால் வரக்கூடியது.

கட்டும் செலவு அதிகம் என்பது மற்றொன்று. இதுவும் உண்மையே. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் காய்ச்சும் ஒருவர் தனியாகப் பெரிய அடுப்பு கட்டினால் போட்ட முதல் திரும்ப வெகுகாலமாகும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கொட்டகையை முறை வைத்து நடத்தினால் அடுப்பு நாள்தோறும் எரியும். எரியும் அடுப்பில்தான் மிச்சம் பிறக்கும். தனியாக நடத்துபவர் கதவு, கம்பித் தட்டு, தள்ளு தகடு ஆகிய மூன்றோடு தொடங்கலாம். இவற்றை உள்ளூர்க் கொல்லுப் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியும்.

சக்கை மிஞ்சினால் யார் வாங்குவார்கள் என்பது மூன்றாவது. இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சக்கைக்கு விலை வந்த பிறகே பெரிய ஆலைகள் திருந்தின. சிறு கொட்டகையின் சக்கைக்கும் ஒரு விலை ஏற்பட்டால் அடுப்பு தானாகத் திருந்தும். வாங்குபவர் வரும் வரையில், விவசாயிக்கு அதன் முதல் விலை வாங்காமல் விட்ட விறகின் விலை. அதற்கு மேல் மிஞ்சுவதை மாட்டுத் தொழுவத்தில் பரப்பிச் சாணமும் கோமியமும் சேர்த்து மக்கவைத்தால், களிமண் நிலத்துக்கு அது நல்ல எரு.

அரசு செய்ய வேண்டியது

அரசு உதவி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இயந்திரங்களை நோக்கியே போகிறது. ஆலை உருளைக்கும் மோட்டாருக்கும் கடன் கிடைப்பது எளிது. செங்கல்லும் களிமண்ணும் கொண்ட அடுப்புக்குக் கடன் கேட்டால் வியப்போடு பார்ப்பார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் அடுப்புக்குத் திறப்பு விழா நடத்த முடியாதுதான். ஆனால் வெல்லத் தொழிலின் ஆதாயமும் நஷ்டமும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டம் இது. வேளாண்மைப் பிரிவும் பொறியியல் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. ரகத்துக்கும் உரத்துக்கும் செயல்விளக்கத் திடல் வைப்பதுபோல அடுப்புக்கும் செயல்விளக்கக் கொட்டகை வைக்க இந்த இரண்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பெண்ணையாறு, கெடிலம் பக்கம் ஒன்று, வீராணம் பக்கம் ஒன்று என்று இரண்டு கொட்டகைகள் அமைத்து, எரிந்த சக்கையையும் இறங்கிய வெல்லத்தையும் தினமும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும். நூறு சொற்பொழிவு செய்யாததை அந்தப் பலகை செய்யும்.

அதைவிட முக்கியம் கொத்தனார்கள். அடுப்பு வரைபடத்தில் நன்றாக இருக்கும். கட்டுபவர் புகைவழியை இரண்டு அங்குலம் குறைத்தாலும் கூட்டினாலும் குணம் மாறிவிடும். ஊருக்கு ஊர் அடுப்பு கட்டும் கொத்தனார்களைக் கூட்டிப் பயிற்சி தரவேண்டும். அடுப்புக்குக் கடனோ மானியமோ கொடுக்கும்போது, கட்டி முடித்தவுடன் முழுத் தொகையையும் கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஒரு கிலோ வெல்லத்துக்கு இரண்டு கிலோ சக்கைக்குள் எரிகிறது என்று எடைபோட்டுக் காட்டிய பின் கொடுக்கலாம். அப்போது அடுப்பு கணக்குக்காகக் கட்டப்படாது, எரிவதற்காகக் கட்டப்படும்.

விவசாயி இன்றே செய்யக்கூடியது

அரசு வரும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு காரியம் இருக்கிறது. ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். அடுத்த தடவை காய்ச்சும்போது, மூன்று கொப்பரைக்கு மட்டும், அடுப்புக்குப் போகும் காய்ந்த சக்கையை எடைபோட்டு எழுதவேண்டும். விறகு போட்டால் அதையும் சேர்த்து எழுதவேண்டும். இறக்கிய வெல்லத்தையும் எடைபோட்டு, சக்கையின் எடையை வெல்லத்தின் எடையால் வகுத்துப் பார்க்கவேண்டும். வரும் எண் இரண்டுக்கு மேலா கீழா என்பதைப் பார்த்தால், அடுப்பு யார் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு திருத்தம் செய்தபிறகும் அதே கணக்கைத் திரும்பப் போட்டால், எது பயன் தந்தது, எது தரவில்லை என்று பிறர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

கரும்பு விலையை டில்லியில் தீர்மானிக்கிறார்கள். வெட்டு உத்தரவை ஆலை தீர்மானிக்கிறது. வெல்ல விலையை மண்டி தீர்மானிக்கிறது. மழையை வானம் தீர்மானிக்கிறது. விவசாயியின் கைக்குள் இருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று, தன் கொட்டகையில் தன் கையால் மூட்டும் தீ. அதையாவது அவர் தன் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.